கீழே விழுந்த ஹார்ட் டிஸ்கில் இருபத்திரண்டு இரவுகளின் கூத்து: மீட்க வழி உண்டா?

கூத்துரசிகன், குடியாத்தம்

நண்பர்கள் அனைவருக்கும் வணக்கம். நான் பணி ஓய்வு பெற்ற தமிழாசிரியன். கணினியில் கடிதம் தட்டச்சு செய்வதும், கேமராவில் எடுத்த வீடியோவை ஹார்ட் டிஸ்கில் ஏற்றி வைப்பதும் தவிர எனக்கு வேறெதுவும் தெரியாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பதில் எழுதுபவர்கள் சற்று விளக்கமாக எழுதினால் உதவியாக இருக்கும்.

கடந்த ஏழு ஆண்டுகளாகக் குடியாத்தம், பேரணாம்பட்டு, கே.வி.குப்பம் சுற்று வட்டாரத்தில் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரத விழா நடக்கும்போதெல்லாம் சென்று, இரவு பத்து மணிக்குத் தொடங்கி விடியும்வரை நடக்கும் கூத்தைச் சிறிய வீடியோ கேமரா ஒன்றில் முழுமையாகப் பதிவு செய்து வந்திருக்கிறேன். ஓர் இரவுக்கு ஏறத்தாழ 60 ஜிபி ஆகும். அப்படி இருபத்திரண்டு இரவுகள், எல்லாம் சேர்த்து 1.3 டிபி அளவுக்கு, 2 டிபி எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் ஒன்றில் வைத்திருந்தேன். கேமராவின் மெமரி கார்டுகளை அடுத்தடுத்த பதிவுக்கு அழித்துப் பயன்படுத்திவிட்டதால் வேறு பிரதி கிடையாது. இதில் பாடியிருக்கும் கூத்து வாத்தியார்களில் இருவர் இப்போது உயிரோடு இல்லை. இன்னொரு டிஸ்க் வாங்க வேண்டும் என்று ஒவ்வொரு பொங்கலுக்கும் நினைத்து, ஒவ்வொரு பொங்கலுக்கும் தள்ளிப் போட்டதுதான் மிச்சம்.

வைகாசி முதல் நாள் எங்கள் ஊரில் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா என்பது இப்பக்கத்தவர்களுக்குத் தெரியும். வீடு நிறைய உறவினர்கள் வந்திருந்தார்கள். இந்த ஆண்டு எடுத்த இருபத்து மூன்றாவது இரவைக் கார்டிலிருந்து டிஸ்குக்குக் காப்பியாக ஓடவிட்டுவிட்டுச் சிரசு பார்க்கக் கிளம்பிக்கொண்டிருந்தேன். என் அக்காளின் பேரன் ஓடி வந்த வேகத்தில் ஒயர் அவன் காலில் மாட்டி இழுக்க, டிஸ்க் மேஜையிலிருந்து மொசைக் தரையில் விழுந்தது. விளக்கு அப்போதும் எரிந்துகொண்டுதான் இருந்தது. காப்பி மட்டும் பாதியில் நின்றுவிட்டது.

கழற்றி மீண்டும் மாட்டியபோது இரண்டு மூன்று முறை மெலிதாக டக் டக் என்று கேட்டது. பிறகு, டிஸ்கைப் பயன்படுத்த வேண்டுமானால் ஃபார்மட் செய்ய வேண்டும் என்று விண்டோஸ் கேட்டது. வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். மொத்தம் மூன்று முறை மாட்டிப் பார்த்தேன். மூன்று முறையும் அதே செய்திதான் வந்தது. இங்குள்ள ஒரு கடையில் கொண்டுபோய்க் காட்டியபோது, முதலில் ஃபார்மட் செய்துவிட்டு அதன் பிறகு மென்பொருள் போட்டு எடுத்துத் தருவதாகச் சொன்னார்கள். அது சரியாகப் படாததால் திரும்ப வாங்கி வந்து பீரோவில் வைத்துப் பூட்டியிருக்கிறேன். அவர்கள் சொன்னது சரியா, வேறு வழி உண்டா என்று அறிந்தவர்கள் சொல்ல வேண்டும்.


காட்பாடி மெக்கானிக்

ஐயா, வணக்கம். பீரோவில் வைத்துப் பூட்டியதுதான் இதுவரை நடந்ததில் சரியான காரியம். இருபது ஆண்டுகளாகக் கணினி பழுது பார்க்கும் தொழிலில் இருக்கிறேன். என்னிடம் வந்த டிஸ்குகளில் விழுந்ததால் கெட்டவற்றைவிட, விழுந்த பிறகு ஓட்டி ஓட்டிப் பார்த்ததால் கெட்டவையே அதிகம்.

ஃபார்மட் செய்து பிறகு எடுப்பது என்பது நல்ல நிலையில் இருக்கும் டிஸ்கில், அதுவும் குவிக் ஃபார்மட்டாக இருந்தால், ஓரளவு நடக்கக் கூடியது. விண்டோஸ் விஸ்டா முதல் வந்த பதிப்புகளில் முழு ஃபார்மட் என்பது டிஸ்க் முழுவதும் பூஜ்யத்தை எழுதிவிடும். கடைக்காரர் கை தவறிக் குவிக் ஃபார்மட் என்ற கட்டத்தில் உள்ள டிக்கை எடுத்துவிட்டால் அதன் பிறகு எந்த மென்பொருளாலும் பயன் இல்லை. அடிபட்ட டிஸ்கில் இரண்டு வகை ஃபார்மட்டுமே கூடாது. நமக்கு வேண்டியது படிப்பது மட்டும். அதில் ஒரு எழுத்துகூட எழுதக் கூடாது.

உள்ளே என்ன நடந்திருக்கும் என்பதையும் சொல்கிறேன். தட்டு நிமிடத்துக்கு 5400 சுற்று சுற்றிக்கொண்டிருக்க, படிக்கும் தலை அதன் மேல் சில நானோமீட்டர் உயரத்தில் காற்றில் மிதந்துகொண்டிருக்கும். நம் தலைமுடி ஒன்றின் தடிமன் அதைப் போலப் பல்லாயிரம் மடங்கு. நிறுத்தி வைத்திருக்கும்போது தலைகள் தட்டை விட்டு விலகி ஓரத்தில் உள்ள சாய்தளத்தில் ஏறி நிற்கும். அந்த நிலையில் விழுந்தால் பெரும்பாலும் தப்பித்துவிடும். உங்களுடையது ஓடிக்கொண்டிருந்தபோது, அதுவும் எழுதிக்கொண்டிருந்தபோது விழுந்திருக்கிறது. தலை தட்டைத் தொட்டிருக்கும் என்றே வைத்துக்கொள்ள வேண்டும். தொட்ட இடத்தில் மேற்பூச்சு பெயர்ந்து பொடி பறந்திருந்தால், அந்தப் பொடியின் மேல் தலை மோதி மோதி, ஒவ்வொரு முறை ஓட்டும்போதும் சேதம் பெருகும்.

ஆனாலும் நீங்கள் சொல்லும் அறிகுறி கைவிட வேண்டியது அல்ல. டிஸ்கின் சத்தத்தை வைத்தே பாதி நோயைச் சொல்லிவிடலாம். சத்தமே இல்லாமல், சுற்றும் அதிர்வும் இல்லாமல் இருந்தால் கேபிள், சாக்கெட், அல்லது அடியில் உள்ள சர்க்யூட் போர்டு போயிருக்கலாம். பீப் பீப் என்றோ முனகுவது போலவோ கேட்டால் தலை தட்டில் ஒட்டிக்கொண்டு மோட்டாரால் சுற்ற முடியவில்லை என்று பொருள். சீராக, விடாமல் டக் டக் என்று அடித்துக்கொண்டே இருந்தால் தலை போய்விட்டது. உரசும் சத்தம் கேட்டால் அந்த நொடியே கேபிளைப் பிடுங்கிவிட வேண்டும். உங்களுடையதோ இரண்டு மூன்று முறை தட்டிவிட்டு அடங்கியிருக்கிறது, விண்டோசும் அதை அடையாளம் கண்டிருக்கிறது. தலைகள் பலவீனமாகவேனும் உயிரோடு இருக்கின்றன என்பதற்கு அதுவே சான்று.

ஒரே ஒரு முறை, இப்போது நான் சொல்லும் விதத்தில் மட்டும் மாட்டிப் பாருங்கள். விழும்போது ஒயர் இழுபட்டிருப்பதால் அந்தக் கேபிளை நம்ப வேண்டாம். அகலமான தட்டை முனை உள்ள வேறு நல்ல கேபிளை வாங்கிக்கொள்ளுங்கள். டெஸ்க்டாப்பின் முன்பக்க ஓட்டையிலோ யுஎஸ்பி ஹப்பிலோ செருகாதீர்கள். பழைய யுஎஸ்பி 2 ஓட்டை 500 மில்லி ஆம்பியர்தான் தரும், யுஎஸ்பி 3 ஓட்டை 900 தரும், பலவீனமான டிஸ்குக்கு இந்த வித்தியாசமே போதும். மேஜை மேல் சமமாக வைத்து, காதை அருகில் கொண்டுபோய்ப் பத்து விநாடி கேளுங்கள். பிறகு விண்டோசின் டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் அளவு என்னவென்று காட்டுகிறது என்பதை மட்டும் குறித்துக்கொண்டு, டிஸ்கின் உடல்நிலையைக் காட்டும் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்னும் இலவச மென்பொருளில் வரும் பக்கத்தை ஒரு படம் எடுத்துக்கொண்டு கழற்றிவிடுங்கள். அளவு சரியாகக் காட்டினால் டிஸ்க் தன் சொந்தக் குறிப்புகளைப் படிக்க முடிகிறது என்று பொருள். பூஜ்யம் என்று காட்டினால் வீட்டில் வைத்துச் செய்ய ஒன்றும் இல்லை.

இன்னொன்று. காப்பி போட்டுக்கொண்டிருந்த கார்டு எங்கே? இருபத்து மூன்றாவது இரவு அதில் அப்படியே இருக்கும். கார்டின் பக்கவாட்டில் உள்ள சிறு பூட்டைக் கீழே தள்ளிவிட்டு எடுத்துப் பத்திரமாக வையுங்கள்.


பாலாற்று ஒளி, ராணிப்பேட்டை

மெக்கானிக் அண்ணன் சொன்னதோடு என் கதையையும் சேர்த்துக்கொள்ளுங்கள் ஐயா. கல்யாண வீடியோ எடுப்பது என் தொழில். சில ஆண்டுகளுக்கு முன் ஆம்பூரில் எடுத்த ஒரு திருமணத்தின் மொத்தப் பதிவும் இருந்த டிஸ்க் என் பையிலிருந்து தவறி விழுந்தது. மாட்டியவுடன், டிஸ்கில் பிழை உள்ளது, சரிபார்க்கட்டுமா என்று விண்டோஸ் கேட்டது. சரிபார்ப்பதில் என்ன தவறு என்று சம்மதம் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போனேன்.

அதுதான் செக்டிஸ்க். அது நம்முடைய கோப்புகளைக் காப்பாற்ற வந்த ஆள் அல்ல. டிஸ்கின் கணக்குப் புத்தகம் முன்னுக்குப் பின் முரணில்லாமல் இருக்க வேண்டும் என்பது ஒன்றே அதன் கவலை. எந்தப் பக்கம் படிக்க முடியவில்லையோ அதைக் கிழித்துவிட்டு, சொந்தக்காரன் தெரியாத துண்டுகளையெல்லாம் ஃபவுண்ட் என்ற போல்டரில் எண் போட்டுக் கொட்டிவிடும். நான் திரும்பி வந்தபோது தாலி கட்டும் காட்சி இருந்த கோப்பு நானூற்றுச் சொச்சம் துண்டுகளாக அந்தப் போல்டரில் கிடந்தது. பெண் வீட்டாரிடம் அட்வான்சைத் திருப்பிக் கொடுத்ததோடு அல்லாமல், ஆறு மாதம் ஆம்பூர்ப் பக்கமே தலைகாட்டவில்லை.

உங்களுக்கு ஒரு நல்ல செய்தியும் உண்டு. உங்கள் கேமரா சேமிப்பது எம்டிஎஸ் கோப்புகளாக இருந்தால் நீங்கள் என்னைவிடப் பாக்கியசாலி. எம்பி4 கோப்பில், எந்தச் சட்டகம் எங்கே இருக்கிறது என்னும் பொருளடக்கம் பெரும்பாலும் கோப்பின் கடைசியில் எழுதப்படும். அந்த வால் துண்டு போனால் முழுப் படமும் ஓடாது. அதே கேமராவில் எடுத்த வேறொரு நல்ல கோப்பை மாதிரியாகக் கொடுத்து அன்ட்ரங்க் போன்ற கருவிகளால் ஒட்டுப் போட வேண்டியிருக்கும். எம்டிஎஸ் அப்படி அல்ல. டிவி ஒளிபரப்புக்காக வந்த அமைப்பு, 192 பைட்டுகள் கொண்ட சிறு சிறு பொட்டலங்களாக வரிசையாக ஓடும். நடுவில் சில பொட்டலங்கள் காணாமல் போனால் படம் அரை நொடி கட்டம் கட்டமாகச் சிதறிவிட்டு மீண்டும் சரியாகிவிடும்.


கூத்துரசிகன், குடியாத்தம்

இருவருக்கும் நன்றி. மெக்கானிக் தம்பி சொன்னபடியே வேலூர் சென்று புதிய கேபிள் வாங்கி வந்து, மின்விசிறியை நிறுத்திவிட்டு, வீட்டில் யாரும் பேசாமல் இருக்கச் சொல்லிக் காதை வைத்துக் கேட்டேன். தொடக்கத்தில் ஒரு முறை டக் என்றது, பிறகு சீராகச் சுற்றும் ஓசை மட்டுமே கேட்டது. டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் 1863 ஜிபி என்றும், அதன் அருகில் ரா என்றும் காட்டியது. மற்ற மென்பொருளில் மஞ்சள் நிறத்தில் எச்சரிக்கை என்று வந்தது. அதில் 05 என்ற வரிசையில் 8, சி5 என்ற வரிசையில் 312 என்று எண்கள் இருந்தன. உடனே கழற்றிவிட்டேன். கோப்புகள் எம்டிஎஸ்தான், ஒவ்வொன்றும் 2 ஜிபி. கார்டு பத்திரமாக இருக்கிறது, பூட்டியும் விட்டேன்.

சென்னையில் இதற்கென்றே உள்ள ஓர் ஆய்வகத்திடம் தொலைபேசியில் கேட்டேன். தலைகளை மாற்ற வேண்டி வந்தால் ஆகும் என்று அவர்கள் சொன்ன தொகை என் ஒன்றரை மாத ஓய்வூதியம். பணத்தைப் பார்த்துப் பின்வாங்குவதா, அல்லது நாமே முயன்று இருப்பதையும் கெடுத்துக்கொள்வதா என்று தெரியாமல் இரண்டு நாட்களாகத் தூக்கம் இல்லை.


கணியம்பாடியான்

ஐயா, டிஸ்கைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி ஓர் இரவு ஃப்ரீசரில் வைத்து எடுத்தால் ஒரு மணி நேரமாவது ஓடும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். என் நண்பருக்கு வேலை செய்தது. முயன்று பார்க்கலாமே.


ஆற்காட்டான், பெங்களூரு

கணியம்பாடி நண்பர் கோபித்துக்கொள்ளக் கூடாது, ஆனால் தயவுசெய்து அதைச் செய்ய வேண்டாம். இன்றைய டிஸ்கில் ஃப்ரீசரால் ஆகக் கூடிய நன்மை எதுவும் இல்லை. அதிலும் வேலூர் வெயிலில் ஃப்ரீசரிலிருந்து எடுத்த பொருளின் மேல் என்ன நடக்கும் என்பதை ஒரு தண்ணீர் பாட்டிலை எடுத்து வைத்துப் பார்த்தாலே தெரியும். அதே வியர்வை தட்டின் மேலும் படியும். மிதக்கும் தலைக்கு ஒரு நீர்த்துளி என்பது மலை. வீட்டில் மூடியைத் திறந்து பார்ப்பதும் இதே வகைதான்.

இப்போது ஆசிரியர் ஐயாவின் கேள்விக்கு வருகிறேன். என் சொந்த ஊர் ஆற்காடு, இங்கே சேமிப்புக் கருவிகள் தொடர்பான வேலையில்தான் இருக்கிறேன். 1863 ஜிபி என்பது 2 டிபி டிஸ்குக்கு விண்டோஸ் காட்டும் சரியான அளவுதான். 05 என்பது கெட்டுப்போனதால் மாற்று இடம் ஒதுக்கப்பட்ட இடங்களின் எண்ணிக்கை. சி5 என்பது டிஸ்க் படிக்க முயன்று முடியாமல், பிறகு பார்க்கலாம் என்று நிறுத்தி வைத்திருக்கும் இடங்களின் எண்ணிக்கை. 312 என்பது டிஸ்கை அலுவலுக்குப் பயன்படுத்த முடியாத அளவு. ஆனால் பிரதி எடுக்க முடியாத அளவு அல்ல. ரா என்று, அதாவது கோப்பு அமைப்பை அடையாளம் காண முடியவில்லை என்று, காட்டுவதன் காரணத்தையும் ஊகிக்க முடிகிறது. காப்பி நடந்துகொண்டிருக்கும்போது விண்டோஸ் கோப்பின் உள்ளடக்கத்தை மட்டும் எழுதுவதில்லை; எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்று குறிக்கும் எம்எஃப்டி அட்டவணையையும் அவ்வப்போது திருத்திக்கொண்டே இருக்கும். தலை அங்கும் இங்கும் ஓடிக்கொண்டிருந்த நேரத்தில் விழுந்ததால், கோப்புகள் இருக்கும் பகுதியின் (பார்டிஷன்) முதல் செக்டாரோ, அதாவது டிஸ்க் பிரிக்கப்பட்டிருக்கும் சிறு கட்டங்களில் முதலாவதோ, அட்டவணையின் சில பக்கங்களோ அடிபட்டிருக்கும். நூலகத்தில் அட்டவணைப் பெட்டி கவிழ்ந்திருக்கிறது, அலமாரிகள் அப்படியே நிற்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முடிவு உங்களுடையது, ஆனால் என் கருத்தை மறைக்கவில்லை: பணம் ஒரு பொருட்டல்ல என்றால் ஆய்வகமே முதல் வழி. வீட்டு முயற்சியில் டிஸ்க் மேலும் கெட்டால் பிறகு ஆய்வகத்தாலும் எடுக்க முடியாமல் போகலாம். அங்கே போவதானால், பார்த்துச் சொல்லக் கட்டணம் உண்டா, கோப்பு கிடைக்காவிட்டால் பணம் வாங்குவார்களா, தூசியில்லா அறையில்தான் திறப்பார்களா, தலை மாற்றுவதற்கான அதே மாடல் டிஸ்கை யார் வாங்கித் தர வேண்டும் என்பவற்றை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அது இயலாது என்றால், சத்தம் சீராக இருக்கும் இந்த நிலையில் வீட்டிலேயே முயல்வது மடத்தனம் அல்ல. ஆனால் கோப்பு கோப்பாக எடுக்க முயலக் கூடாது. டிஸ்கின் முதல் செக்டாரிலிருந்து கடைசி வரை ஒரே ஒரு முறை பிரதி எடுத்துவிட்டு, மூல டிஸ்கை மறுபடியும் பீரோவில் வைத்துவிட வேண்டும். மீட்பு வேலை எல்லாம் அந்தப் பிரதியின் மேல்தான்.

அதற்கான கருவி டிடிரெஸ்க்யூ. ஜிஎன்யூ திட்டத்தின் இலவச மென்பொருள், விண்டோசைப் போன்ற இன்னோர் இயங்குதளமான லினக்சில் ஓடும். லினக்சின் ஒரு வகையான உபுண்டுவைப் பென் டிரைவில் ஏற்றி அதிலிருந்தே லேப்டாப்பைக் கிளப்பினால் போதும், உங்கள் விண்டோசைத் தொட வேண்டியதில்லை. உபுண்டுவில் நிறுவும்போது அதன் தொகுப்புப் பெயருக்கு முன்னால் இன்னொரு ஜி சேர்ந்து ஜிடிடிரெஸ்க்யூ என்று இருக்கும். இதே போன்ற பெயரில் வேறொரு கருவியும் இருப்பதால் பலர் இங்கே குழம்புவார்கள். டிஸ்கை மாட்டுவதற்கு முன், மாட்டியவுடன் தானாகத் திறக்கும் வசதியை உபுண்டுவின் அமைப்பில் நிறுத்திவிட வேண்டும்.

சாதாரணக் காப்பிக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு இதுதான். சாதாரணக் காப்பி ஒரு கெட்ட இடத்தில் முட்டிக்கொண்டு, திறக்காத கதவைத் தட்டுவது போல் அங்கேயே நின்று தலையைச் சாகடிக்கும். டிடிரெஸ்க்யூ கெட்ட இடத்தைத் தாண்டிக் குதித்து, முதலில் எளிதில் கிடைப்பதையெல்லாம் அள்ளிக்கொண்டு, பிறகு ஓரங்களைச் செதுக்கி, கடைசியாகத்தான் கெட்ட இடத்துக்குள் நுழையும். எதை எடுத்தது, எதை விட்டது என்பதை ஒரு வரைபடக் கோப்பில் எழுதிக்கொண்டே போகும். டிஸ்க் நடுவில் மயங்கி விழுந்தாலும், கரண்ட் போனாலும், அந்த வரைபடம் இருந்தால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். ஆகவே வரைபடக் கோப்பு இல்லாமல் தொடங்கவே தொடங்காதீர்கள். அதைப் பென் டிரைவில் ஓடும் உபுண்டுவுக்குள் வைத்தால் லேப்டாப்பை அணைத்தவுடன் மறைந்துவிடும், பிரதி எடுக்கும் புதிய டிஸ்கிலேயே வையுங்கள். முதல் ஓட்டத்தில் கெட்ட இடங்களைச் சுரண்ட வேண்டாம் என்ற தெரிவோடு ஓட்டுங்கள். அது முடிந்த பிறகு, டிஸ்கின் சத்தம் மாறாமல் இருந்தால் மட்டும், மூன்று மறுமுயற்சி என்று கொடுத்து இரண்டாம் ஓட்டம். ஓரிடத்தில் மீண்டும் மீண்டும் தொங்கினால் பின்னாலிருந்து முன்னோக்கிப் படிக்கச் சொல்லும் தெரிவும் உண்டு.

புதிய டிஸ்க் 4 டிபியாக வாங்குங்கள். 2 டிபி டிஸ்கின் முழுப் பிரதியும் மீட்ட கோப்புகளும் இன்னொரு 2 டிபி டிஸ்கில் கொள்ளாது. மூல டிஸ்க் எது, புதிய டிஸ்க் எது என்பதை அளவை வைத்து இரண்டு முறை சரிபார்த்துவிட்டு, பக்கத்தில் ஒருவரை உட்கார வைத்து மூன்றாம் முறையும் பார்த்த பிறகே கட்டளையை அழுத்துங்கள். இடம் மாற்றிக் கொடுத்துவிட்டால் காலி டிஸ்கை எடுத்து உங்கள் கூத்தின் மேல் எழுதிவிடும். எனக்குத் தெரிந்த ஒரு நல்ல பொறியாளரே அப்படிச் செய்திருக்கிறார்.

நேரக் கணக்கும் சொல்லிவிடுகிறேன். நல்ல டிஸ்க் நொடிக்கு 100 எம்பி வேகத்தில் ஐந்தரை மணி நேரத்தில் முடிந்துவிடும். அடிபட்டது நொடிக்கு 5 எம்பி வேகத்தில் ஊர்ந்தால் நாலரை நாளுக்கு மேல் ஆகும். எக்ஸ்டர்னல் டிஸ்குகள் பலவற்றில் இயங்குவதற்கான அறை வெப்பம் 35 டிகிரி வரை என்றுதான் போட்டிருப்பார்கள். குடியாத்தத்தில் வைகாசியில் அந்த 35 டிகிரி விடியற்காலையில் மட்டும்தான் இருக்கும். டிஸ்கைத் தரையில் சமமாக வைத்து டேபிள் ஃபேனை அதன் மேல் திருப்பி வையுங்கள். பகல் உச்சியில் நிறுத்திவிட்டு இரவில் தொடர்ந்தாலும் தவறில்லை, கூத்து பார்ப்பவருக்கு இரவு விழிப்பது புதிதல்லவே. லேப்டாப்பின் தூங்கும் வசதியை நிறுத்திவிடுங்கள். பேரப் பிள்ளைகளை அந்த அறைக்குள் விட வேண்டாம்.


காட்பாடி மெக்கானிக்

ஆற்காட்டார் சொன்னதில் ஒன்றைச் சேர்க்கிறேன். சில எக்ஸ்டர்னல் டிஸ்குகளில் யுஎஸ்பி சாக்கெட் டிஸ்கின் சர்க்யூட் போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும். வேறு சிலவற்றில் உள்ளே சாதாரண டிஸ்க் இருந்தாலும், கடவுச்சொல் நீங்கள் போடாவிட்டாலும்கூட, உறைக்குள் யுஎஸ்பி சாக்கெட் உள்ள சிறு போர்டு எழுதுவதையெல்லாம் வேறு போர்டால் படிக்க முடியாதபடி மறைகுறியாக்கித்தான் எழுதும். உறையைப் பிரித்து வேறு உறையில் போட்டால் வேகமாக ஓடும் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். ஐயா தனியாகச் செய்யத் தயங்கினால் ஞாயிறு காலை நானே குடியாத்தம் வருகிறேன். கட்டளை அழுத்தும்போது பக்கத்தில் உட்காரும் அந்த ஒருவர் நானாக இருக்கட்டும்.


கூத்துரசிகன், குடியாத்தம்

பன்னிரண்டு நாட்கள் கழித்து எழுதுகிறேன். இடையில் நலம் விசாரித்த அனைவருக்கும் நன்றி.

மெக்கானிக் தம்பி சொன்னபடியே வந்தார். கட்டளையை என் கையால்தான் அழுத்த வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். மூன்று முறை சரிபார்த்துவிட்டு அழுத்தினேன். முதல் இரண்டு மணி நேரம் நல்ல வேகத்தில் ஓடியது. பிறகு திடீரென்று நொடிக்கு 2 எம்பி, 1 எம்பி என்று இறங்கி, நள்ளிரவில் டிஸ்க் காணவில்லை என்று நின்றது. கழற்றி, அரை மணி ஆறவிட்டு மாட்டியபோது வரைபடக் கோப்பின் புண்ணியத்தால் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. இப்படி ஏழு முறை நின்று, மொத்தம் ஐந்து இரவுகளும் நான்கு காலைப் பொழுதுகளும் ஆயின. இறுதியில் எடுக்க முடியாமல் போனது 46 எம்பி மட்டுமே என்று காட்டியது. இரண்டு டிபியில் 46 எம்பி. அந்த எண்ணைப் பார்த்தபோது மணி விடியற்காலை நான்கு. வீட்டில் அனைவரையும் எழுப்பிவிட்டேன்.

பிரதியின் மேல் டெஸ்ட்டிஸ்க் என்ற மென்பொருளை ஆற்காட்டுத் தம்பி தொலைபேசியில் சொல்லச் சொல்ல ஓட்டினேன். பகுதியின் முதல் செக்டார் அடிபட்டிருந்தது, ஆனால் அதன் மாற்றுப் பிரதி ஒன்றைப் பகுதியின் கடைசிச் செக்டாரில் விண்டோஸ் எப்போதும் வைத்திருக்குமாம். அதைக் கொண்டு போல்டர்கள் வரிசையாக வந்து நின்றன. இருபத்திரண்டில் பத்தொன்பது இரவுகள் பெயரோடும் ஒழுங்கோடும் கிடைத்தன. மூன்று இரவுகளின் போல்டர்கள் மட்டும் இல்லை, அட்டவணையில் அவற்றின் பக்கங்கள்தான் போயிருந்தன போலும். ஃபோட்டோரெக் என்ற மற்றொரு மென்பொருள், அட்டவணையைப் பாராமல் ஒவ்வொரு கோப்பின் தொடக்க அடையாளத்தையும் நேராகத் தேடி எடுத்தது. அப்படி எண்பத்தெட்டுக் கோப்புகள் வந்திருக்கின்றன. ஒன்றுக்கும் பெயர் இல்லை. எஃப் என்ற எழுத்தும் அதை அடுத்து நீண்ட எண்ணும்தான்.

சிதைந்த இடங்கள் எந்தெந்தக் கோப்பில் இருக்கின்றன என்று அறுநூற்றுக்கும் மேற்பட்ட கோப்புகளையும் உட்கார்ந்து பார்க்க வேண்டுமோ என்று பயந்தேன். எடுக்க முடியாமல் போன இடங்களில் மட்டும் ஒரு குறிப்புச் சொல்லை டிடிரெஸ்க்யூவைக் கொண்டே பிரதியில் நிரப்பி, பிறகு அந்தச் சொல் எந்தக் கோப்பில் இருக்கிறது என்று தேட வைத்தார் தம்பி. பதினொரு கோப்புகள் மட்டுமே மாட்டின. அவற்றில் ஒன்று படுகளம். மண்ணால் செய்த துரியோதனன் உருவம் வெயிலில் கிடக்கிறது, துரியோதனன் வேடமிட்டவர் அதன் மார்பின் மேல் ஏறி நிற்கிறார். திரௌபதி கூந்தல் முடியும் கணத்துக்குச் சற்று முன்பு படம் பச்சைக் கட்டங்களாக உடைந்து, முகவீணை கரகரத்து, அரை நொடியில் எல்லாம் திரும்பிவிடுகிறது. பார்த்தவர்களில் என் மனைவி கவனிக்கவே இல்லை.

இன்னும் ஒரு கேள்வி மீதி இருக்கிறது. பெயரில்லாத எண்பத்தெட்டுக் கோப்புகளை மூன்று இரவுகளாக எப்படிப் பிரிப்பது, எந்த வரிசையில் அடுக்குவது?


ஆற்காட்டான், பெங்களூரு

ஐயா, அந்த நீண்ட எண் வெறும் எண் அல்ல. கோப்பு தொடங்கும் செக்டாரின் எண்ணையே ஃபோட்டோரெக் பெயராக வைக்கிறது. நீங்கள் ஒவ்வோர் இரவையும் மொத்தமாகக் காப்பி போட்டிருப்பதால், எண் வரிசையில் அடுக்கினாலே பெரும்பாலும் எடுத்த வரிசை வந்துவிடும். அதை உறுதி செய்துகொள்ள எக்சிஃப்டூல் என்ற மென்பொருளைப் பயன்படுத்துங்கள். இவ்வகைக் கேமராக்கள் எம்டிஎஸ் கோப்பின் உள்ளேயே பதிவு செய்த நாளையும் நேரத்தையும் எழுதி வைக்கும். அதை எக்சிஃப்டூல் படித்து, அதையே கோப்பின் பெயராகவும் மாற்றித் தந்துவிடும். கேமராவின் கடிகாரம் சரியாக இருந்திருக்க வேண்டும் என்பது ஒன்றுதான் நிபந்தனை.

மூல டிஸ்கை இப்போதே தூக்கி எறிய வேண்டாம். எண்பத்தெட்டும் ஓடுகின்றனவா என்று பார்த்து முடிக்கும்வரை இருக்கட்டும். கார்டில் உள்ள இருபத்து மூன்றாவது இரவையும் மறக்காமல் இறக்கிக்கொள்ளுங்கள்.


கூத்துரசிகன், குடியாத்தம்

இருபத்து மூன்றாவது இரவை நேற்றே இறக்கிவிட்டேன், இம்முறை இரண்டு டிஸ்குகளில். கடிகாரம்தான் காலை வாரிவிட்டது தம்பி. நடுவில் ஒரு முறை பேட்டரி முழுவதும் தீர்ந்ததில் தேதி கலைந்துபோய், இரண்டு இரவுகள் ஒரே தேதியைக் காட்டுகின்றன. ஆனால் செக்டார் எண் வரிசை சரியாகவே வருகிறது. சந்தேகம் உள்ள இடத்தில் கதையே வழிகாட்டுகிறது: அர்ச்சுனன் தபசு மரம் ஏறுவது முன்னால், அபிமன்யு விழுவது பின்னால். எந்த ஊர், எந்த ஜமா (கூத்துக் குழு) என்று எனக்கே மறந்துபோன பத்துப் பன்னிரண்டு கோப்புகளைப் பார்த்துச் சொல்ல, காலமான வாத்தியாரின் மகன் வருகிற ஞாயிறு வருவதாகச் சொல்லியிருக்கிறார். இரண்டாவது டிஸ்க் அவருக்குத்தான்.